கட்டைவிரலதிகாரம்

ஓலைச்சுவடி குறுக்கே நீண்டது; கைப்பேசி நெடுக்கே நீண்டது. முன்னதன் அகலம் ஏறத்தாழ இரண்டு விரற்கடை, பின்னதன் அகலம் நான்கு. ஆகவே கைப்பேசி என்பது நிமிர்த்திப் பிடித்த, சற்றே பருத்த ஏடு என்பது இவ்வாய்வின் துணிபு. சான்று வேண்டுவோர் கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொள்க. அந்த நிலையில் யாரும் தமிழ் படிப்பதில்லை, கிரிக்கெட்தான் பார்க்கிறார்கள் என்று சிலர் மறுப்பர். கிரிக்கெட் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

படிப்போர் நிலை மூவகைப்படும்: நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு கை மேலே கைப்பிடியைப் பற்றியிருக்க, மறுகை கருவியை ஏந்த, ஏந்திய கையின் கட்டைவிரலே பக்கத்தையும் தள்ளுவது நின்ற கோலம். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு, எண்ணைக் கூப்பிடும்வரை பெஞ்சியில் குனிந்திருப்பது இருந்த கோலம். கிடந்த கோலம் இரவில் நிகழ்வது. உறக்கம் வந்ததும் கருவி மூக்கின்மேல் விழும். சுவடிக்கு இருபுறமும் மரச்சட்டம் உண்டாகலின், நம் முன்னோர் மூக்கு இதைவிட வலித்திருக்கும் என்று கொள்க. மூன்று கோலத்துக்கும் பொதுவான உறுப்பு கட்டைவிரல். ஏகலைவனுக்குப் பிறகு அதன் அருமை இவ்வளவு தெரிந்த காலம் வேறில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2007-ல் ஐபோன் வந்தபோது அதன் சஃபாரி உலாவி, எந்தப் பக்கமானாலும் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு, அத்தனையையும் சுருக்கி உள்ளங்கையில் காட்டியது. எழுத்து கடுகளவு. இரண்டு விரலால் விரித்து, வரியின் தலையிலிருந்து வால்வரை இழுத்து, மறுபடி தலைக்கு ஓடிவந்து அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். 2010-ல் ஈதன் மார்காட் என்பவர், திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே வளைந்துகொடுக்கும் வடிவமைப்புக்கு ஒரு பெயரும் முறையும் தந்தார். 2015 ஏப்ரலில் கூகுள், கைப்பேசிக்கு இசையாத பக்கங்களைக் கைப்பேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. கலையழகு பேசி மசியாதவர்களும் அன்று மசிந்தார்கள். இவ்வளவும் ஆங்கிலத்துக்குப் போதும்.

தமிழுக்குப் போதாமை எங்ஙனம் எனின், ‘ஒருங்கிணைக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிப் படித்ததில் 21 வந்தது. கைப்பேசித் திரையில் இது ஏறக்குறைய ஒரு வரியைத் தனியாளாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சொல்லுக்குப் பின் மூன்றாவதாக வந்தால், இடம் போதாமல் கீழே இறங்கிவிடும். அச்சிதழ்ப் பழக்கத்தில் இரண்டு ஓரத்தையும் ஜஸ்டிஃபை செய்திருந்தாலோ, மேலே எஞ்சிய இரண்டு சொற்களும் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிபோல் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அச்சில் இந்தத் தொல்லை குறைவு. சொல்லை நடுவில் வெட்டி, இணைப்புக்கோடுகூடப் போடாமல், மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்பும் துணிச்சல் தமிழ் அச்சுக்கோப்பாளருக்கு என்றும் இருந்தது. வலைக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தன் அணுகல் விதிகளின் உச்சப் படியில், ஓரங்களை இருபுறமும் இழுத்துக் கட்டாதீர் என்கிறது. வரியிடை ஒன்றரை மடங்காவது வேண்டும் என்கிறது. தமிழுக்கு அதற்கும் சற்று மேலே வேண்டும் என்பது என் கட்சி. மேல்வரியில் ஒரு ‘பூ’ காலை நீட்ட, நேர் கீழே ஒரு ‘வீ’ தலையைத் தூக்க, இரண்டும் முட்டிக்கொள்வதைக் கண்ணுள்ளவர் காணலாம். வெளிர்சாம்பலில் எழுத்தை அமைத்திருந்தால் அதையும் காண முடியாது. சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் கட்டுரையே இல்லை.

ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. குத்தினால் ஓலை கிழியும். பத்தியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெளியும் இல்லை. கண்ணாடித் திரை கிழியாது என்று தெரிந்தும் இன்று பத்தி பிரிக்காமல் எழுதுவோர் இந்த மரபின் கடைசி வாரிசுகள். உ.வே.சாமிநாதையர் ஏட்டில் மூலம் எது, உரை எது என்று பிரித்தறிந்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். மர்ரே எஸ். ராஜம் 1950-களில் பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்தார். கைப்பேசிக்கு எழுதுவோர் கும்பிட வேண்டியவர்கள் இவ்விருவரே. ராஜத்தின் வழி நின்று ‘ஒருங்கிணைக்கப்பட்டுக் கொண்டிருக்கின்றன’ என்று ஒரு வெளி விட்டால் வரி பிழைக்கும். அற்றேல், துணைவினையைப் பிரித்தல் வழுவன்றோ எனின், வழுவே. ‘ஒருங்கிணைக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டால் பிரிக்கவும் வேண்டாம், வழுவும் இல்லை. செய்கிறவர்கள் யார் என்ற கேள்வியும் எழும். அந்தக் கேள்வி எழாதிருக்கவே செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்தவர்கள் இத்திருத்தத்தை ஏற்கமாட்டார்கள்.

பத்தியைச் சிறிதாக்கச் சொன்னால் வாக்கியத்துக்கொரு பத்தி வைப்போர் மறுகோடி. மூன்று நான்கு வாக்கியம் சேர்ந்திருந்தால் எந்தக் கட்டைவிரலும் சுளுக்கிக்கொள்ளாது.

இனி இடைச்செருகல். பிற்காலத்தார் ஏட்டில் பாட்டுக் கட்டி நுழைத்ததைக் கண்டுபிடிக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழுலகம் அறியும். இன்றைய இடைச்செருகல் இரண்டாம் பத்திக்குப் பின் தாமதமாக வந்திறங்கி, படித்துக்கொண்டிருந்த வரியைத் திரைக்கு வெளியே தள்ளுகிறது. அதை நீக்க மூலையில் ஒரு பெருக்கல் குறி உண்டு. விரல் தொடும் இடம் 44 பாயின்டுக்குக் குறையலாகாது என்பது ஆப்பிள் தன் வடிவமைப்பாளருக்குச் சொல்லும் அளவு. கூகுள் சொல்வது 48 டிபி. பெருக்கல் குறி வைப்போர் இரண்டையும் கவனமாகப் படித்த பிறகே அதை எள்ளளவாக்கினர் என்று ஊகிக்க இடமுண்டு. எள்ளைக் குறிவைத்த விரல் விளம்பரத்தைத் திறக்கும். வண்டி குலுங்கினால் அதிலுள்ள அழைப்புப் பொத்தானையும் அழுத்தும். கிண்டியில் மூன்றாம் பத்தி படிக்க முயன்றவர், மாம்பலம் வருமுன் ஒரு குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்: “சார், செங்கல்பட்டு பக்கத்துல அப்ரூவ்டு மனை, ஞாயித்துக்கிழமை சைட் பாக்க வண்டி அனுப்பட்டுமா?”