நான்கு படியும் ஒரு லிஃப்டும்

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் தஞ்சாவூருக்கே வந்து ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கினார் என்றால், ஒரு தலைமுறைக்கு முன்னே அதற்கு இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும்: ஒன்று, அவருக்குக் கோர்ட்டில் வியாஜ்யம் நடக்கிறது, அல்லது, உறவினர்கள் அத்தனை பேரோடும் வியாஜ்யம் நடக்கிறது. பெரியம்மா கீழவாசலிலும் மாமா கரந்தையிலும் குடியிருக்கும்போது, காசு கொடுத்துக் கட்டிலில் படுப்பவனைப் பற்றி ஊரார் என்ன பேசுவார்கள் என்று அஞ்சியே, எட்டுப் பேர் படுக்கும் கூடத்தில் ஒன்பதாவது ஆளாக ஒருக்களித்துப் படுத்து, விடிய விடிய உறவின் பாரத்தைச் சுமந்தவர்கள் நம் முன்னோர்கள். இப்பொழுதோ பெரியம்மா வீட்டில் செல்போன் கடை நடக்கிறது. மாமாவின் பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லஸிலும் இருக்கிறார்கள். ஆகவே, எழுபதைத் தாண்டிய என் தாய் தந்தையர், "ஒரு தரம் ஊர்ப்பக்கம் போய்ச் சுவாமி தரிசனம் பண்ணிவிட்டு வரவேண்டும்" என்று பிரஸ்தாபித்த மாத்திரத்தில், சென்னைவாசியான அடியேன் தலையில் விடுதி தேடும் பொறுப்பு வந்து விழுந்தது.

எந்த ஊரில் தங்குவது என்பதிலேயே முதல் தகராறு ஆரம்பமாயிற்று. நவக்கிரக ஸ்தலங்களுக்குப் போகிறவர்கள் கும்பகோணத்தில் தங்குவதுதான் உலக வழக்கம் என்பது அம்மாவின் கட்சி. பெரிய கோயிலும் சரஸ்வதி மஹாலும் இருக்கிற ஊரை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் படுப்பானேன் என்பது அப்பாவின் கட்சி. இதில் அப்பா ஜெயித்தார். அதற்குப் பிரதியாக, அறையைப் பற்றிய நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரம் முழுவதும் அம்மாவின் கைக்குப் போயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் பஸ் சத்தம் கேட்கக்கூடாது. கீழ்த்தளமாக இருக்க வேண்டும். ஆனால் கொசு வரக்கூடாது. காற்று வேண்டும், ஏ.ஸி. ஆகாது; ஏ.ஸி. இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இத்தனை லட்சணங்களும் ஒருங்கே பொருந்திய விடுதியை விசுவகர்மாவே கட்டித் தரவேண்டும் என்று நான் சொன்னதற்கு, "டெலிபோனில் விசாரித்துப் பாரேன்" என்று சாந்தமாகப் பதில் வந்தது.

விசாரித்தேன். "லிஃப்ட் இருக்கிறதா?" என்று கேட்டதற்கு, "இருக்குங்க சார்" என்றார் ஒரு விடுதியின் குமாஸ்தா. அவர் வாக்கில் எள்ளளவும் பொய்யில்லை என்பதைப் போய் இறங்கியதும் கண்டோம். லிஃப்ட் இருந்தது. அதற்குப் போய்ச் சேருவதற்கு முன்பாக, சாலையிலிருந்து வரவேற்புக் கூடத்துக்கு ஏறிச் செல்ல, முழங்கால் உயரத்தில் நான்கு படிகளும் இருந்தன. சாலை போடுகிறவர்கள் பழைய தாரின்மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போவதும், ஐப்பசி அடைமழையில் தெருத்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பயந்து கட்டிடக்காரர்கள் வாசலை உயர்த்திக்கொண்டே போவதும் நம் நாட்டில் முடிவில்லாத போட்டி. அந்தப் போட்டியில் தோற்பவை முதியோர்களின் முழங்கால்கள். பக்கத்தில் ஒரு சாய்தளமும் இருக்கத்தான் செய்தது. அதன்மேல் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக இளைப்பாறிக்கொண்டிருந்தன.

"சுவாமிமலையில் அறுபது படி ஏறினால் மேலே சுப்பிரமணியர் இருக்கிறார். இங்கே மேலே யாரப்பா இருக்கிறது?" என்று அப்பா கேட்டார். மேலே இருந்த இளைஞர் ஓடி வந்து கைகொடுத்தார்.

கோபுர தரிசனம் கிடைக்கும் என்று விசேஷக் கட்டணம் வாங்கிய அறை அது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த 216 அடி விமானத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு செல்போன் கோபுரத்துக்கும் நடுவே, கலசமும் அதன்கீழ்ச் சிறிது கல்லும் எங்கள் பங்குக்குக் கிடைத்தன. அம்மா அந்தக் கல்லை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது போதும்.

குளியலறைதான் போதவில்லை. குனிந்து முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் என்னும்படி பளபளத்த தரை. பிடித்துக்கொள்ள எங்கும் ஒரு பிடி இல்லை. கழிப்பறைப் பீடத்திலிருந்து எழுந்த அப்பா, கையெட்டும் தூரத்தில் இருந்த துண்டு போடும் கம்பியைப் பற்றினார். எவ்வித ஆட்சேபணையும் இன்றி அது சுவரைவிட்டு அவருடனேயே வந்துவிட்டது. தெய்வாதீனமாக வாசலில் நின்ற அம்மா தாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் வாசலில் காவல் நின்றாள்.

வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரை வரும் என்று அறையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆயுளில் பாதியை வயல்வரப்பில் கழித்த அப்பாவோ நான்கு மணிக்கே விழித்துவிடுகிறவர். ஹோட்டல் சாப்பாட்டுக் கூடம் ஏழு மணிக்குத்தான் திறக்குமாதலால், பஸ் நிலையத்தருகே நான்கு மணிக்கே பால் பொங்கும் ஒரு காப்பிக் கடைக்கு, பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நான் புறப்பட்டேன். நவீன அறைகளில் சாவிக்குப் பதிலாக ஓர் அட்டை தருகிறார்கள். அதைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும். அறையில் தங்குகிறவன் தனியன், அவன் வெளியே போனால் உள்ளே யாருமில்லை என்பது அந்த யந்திரத்தின் சித்தாந்தம். அட்டை என்னோடு வந்ததும் பெற்றோர் இருட்டில் மூழ்கினார்கள். "பிள்ளை காப்பி வாங்கப் போனால் தகப்பன் இருட்டில் உட்காரவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்று நான் திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். எந்தச் சாஸ்திரத்திலும் இல்லைதான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது மற்றொரு விதி. டெல்டாக் கோயில்களில் அநேகமாக அந்த வேளையில்தான் நடை சாத்துகிறார்கள். மறுபடி நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஆகக்கூடி, கடைசி நாளன்று நடுப்பகல் நான்கு மணி நேரம், ஸ்வாமியும் கிடையாது, படுக்கையும் கிடையாது என்ற திரிசங்கு நிலையில் முதியவர்கள் டாக்ஸியில் சாய்ந்து கிடக்க நேர்கிறது.

திருவையாறு போய்விட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பிய அன்று, சமையற்கட்டு மூடியாயிற்று என்றார்கள். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டே அப்பா இரண்டாம் சரபோஜி மன்னரின் கதையை எடுத்தார். ராஜ்ய நிர்வாகம் கும்பெனியார் கைக்குப் போய்விட்ட பின்பு, சத்திரங்களையாவது தம்மிடமே விட்டுவைக்க வேண்டுமென்று 1801-இல் ரெஸிடெண்ட் டோரினுக்கு மன்னர் ஒரு கடிதம் எழுதினார். ஜாதி பேதமின்றி வழிப்போக்கர் யாவருக்கும் அங்கே அன்னம் உண்டென்றும், நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரும்படி அழைப்பார்களென்றும், நோய்ப்பட்டவர்கள் குணமாகும் வரையில் மருந்தும் பத்தியமும் கொடுத்து வைத்துக்கொள்வார்களென்றும் அதில் விவரித்திருக்கிறார். ராமேசுவர யாத்ரிகர்கள் நடந்து போன பாதையில், ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டிடம் இன்றும் நிற்கிறது.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த இரவுக் காவற்காரர், தாமும் ஒரத்தநாட்டுப் பக்கந்தான் என்றார். அவ்வளவுதான், அப்பாவுக்கு விடுதி பிடித்துப்போயிற்று. "மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்துடுச்சா தம்பி?" "வாய்க்கால்ல வந்துச்சுங்கய்யா, வயலுக்குத்தான் இன்னும் ஏறல." "சம்பாவுக்கு நாத்து விட்டாச்சா?" என்று ஆரம்பித்த சம்பாஷணை, அடுத்த நாள் முதல் எந்தக் கோயிலுக்குக் கிளம்புவதையும் அரைமணி நேரம் தாமதப்படுத்திற்று. ஊர் திரும்பும்போது அம்மாவின் அபிப்பிராயத்தைக் கேட்டேன். இட்லிக்கு உளுந்து போதாது, மனிதர்கள் நல்லவர்கள் என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. குறை மனிதர்களிடம் இல்லை, கட்டிடத்தில்தான். தஞ்சைக்கும் குடந்தைக்கும் வருகிற யாத்ரிகர்களில் நரைத்த தலைகள்தாம் அதிகம் கண்ணில் படுகின்றன. விடுதிகளோ, முப்பது வயதுக்காரன் ஒருவன் தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வரப்போகிறவன் யார் என்று யோசித்துக் கட்டியது சத்திரம். கொடுக்கப்போகிறவன் யார் என்று யோசித்துக் கட்டியது ஹோட்டல். பெற்றோரை அழைத்துச் செல்லும் வாசகர்கள் நட்சத்திரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, வாசற்படிகளை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். அட்டை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அதற்குள் சாய்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிள்களை அப்புறப்படுத்தி, குளியலறைச் சுவரில் கைக்கு உறுதியாக ஒரு பிடி அடித்து வையுங்கள். துண்டு போடும் கம்பி எங்கே இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணையில்லை.