ஊதச் சொன்னா ஊதிருங்க மாப்ளே

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. நேத்து செக்கிங்குக்கு முன்னாடி ஒரு கொய்யா மரத்தையே மொட்டையடிச்சிட்டீங்களாமே? எங்க வெள்ளாடு உங்ககிட்டப் பாடம் படிக்கணும்.

இலையை மென்னதுல குடிச்ச வாடை போயிருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா குடிச்சது ரத்தத்துல ஏறி, நுரையீரல் வழியா மூச்சுல வருது. போலீஸ்காரர் நீட்டுற கருவி அந்த மூச்சைத்தான் அளக்குது. இலையை மென்னா வாய்தான் மணக்கும்.

"ஒரு கட்டிங்தானே மாமா, ஸ்டெடியாத்தான் இருக்கேன்"னு வேற. ஒத்தக்கால்ல நின்னு காட்டுனாலும் சட்டம் கை தட்டாது. 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டுனா மோட்டார் வாகனச் சட்டத்தோட 185ஆவது பிரிவு. அம்புட்டுத்தான்.

டிவிஎஸ் எக்ஸ்எல் எல்லாம் கணக்குல வராதுன்னு யாரு சொன்னது? டீக்கடை வக்கீலா? 25 சிசிக்கு மேல இஞ்சின் இருந்தாலே அது மோட்டார் வண்டி. உங்க எக்ஸ்எல்லு 100க்குக் கிட்ட. அவ்வளவு ஆசைன்னா மாட்டு வண்டி பூட்டிக்கங்க. மாட்டுக்காச்சும் வீட்டுக்கு வழி தெரியும்.

"ஊத மாட்டேன், அது என் உரிமை"ன்னு நெஞ்சை நிமித்துனீங்களாமே. அடேங்கப்பா! குடிச்சிருக்கீங்கன்னு சந்தேகப்பட நியாயம் இருந்து, நீங்களும் ஊத மறுத்தா, வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். நாளைக்குக் கோர்ட்டுல அந்த மறுப்பே உங்களுக்கு எதிரா நிக்கும்.

வாடையையும் தள்ளாட்டத்தையும் மட்டும் வச்சுக் குடிகாரன்னு முடிவு கட்ட முடியாதுன்னு 1971லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு, மெய்தான். அதனாலதானே மாப்ளே போலீஸ்காரர் கையில கருவியைக் குடுத்து நிப்பாட்டிருக்காங்க!

உரிமை இல்லாமலும் இல்ல. ஊதச் சொல்ற போலீஸ்காரர் யூனிஃபார்ம்ல இருக்கணும். பிடிச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்டக் காட்டணும்; காட்டலைன்னா காவல்ல வைக்க முடியாது, விட்டுறணும். வக்கீலைக் கூப்பிடலாம். ஜாமீன்ல விடுற குத்தம்தான். இதுல ஒண்ணையாச்சும் கேட்டீங்களா? "எம்எல்ஏ நம்ம பங்காளி"ன்னு போனை நீட்டிருக்கீங்க. அந்த ராத்திரியில அவரு எடுப்பாராக்கும்!

2019க்கு முன்னாடின்னா 2,000 ரூவாயோட தப்பிச்சிருக்கலாம். இப்ப முதல் தடவையே 10,000, இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. அடுத்த தடவை 15,000, இல்ல 2 வருசம் வரைக்கும் உள்ள, இல்ல அதுலயும் ரெண்டும். லைசென்ஸும் போகும். வண்டி நசுங்குனா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான்.

பின்னால உக்காந்து வந்த உங்க சேக்காளி ரொம்பச் சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க. குடிச்சவனை ஓட்டச் சொல்லித் தூண்டுறவனுக்கும் அதே தண்டனைன்னு 188ஆவது பிரிவு இருக்கு. 2022ல மெட்ராஸ்ல கூட வந்தவங்களுக்கும் அபராதம் போட ஆரம்பிச்சாங்க.

சாவியை இங்க குடுங்க. இன்னைக்கும் கடைக்குப் போறதா இருந்தா நடந்து போங்க, வர்றப்ப ஆட்டோ பிடிங்க. ஆட்டோவுக்கு 150 ரூவா நான் தர்றேன். கட்டிங்குக்குத் தர மாட்டேன்.