வன்னி வாகன மெழுகியல்: ஒரு முன்னாய்வு

கார் கழுவுவதற்குத் தமிழில் இலக்கண நூல் இல்லை. பழந்தமிழரிடம் தேர் இருந்தது. அந்தத் தேரைக் கழுவியவர் யார், எந்தத் துணியால், வெயிலிலா நிழலிலா என்று ஒரு புலவராவது எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இந்தக் குறை இரண்டாயிரம் ஆண்டாக நீடிப்பதைப் பொறுக்காமல், கிளிநொச்சியில் ஒரு பழைய சிவப்பு அல்ரோவின் உரிமையாளனும், கிழமை நாள்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவனுமாகிய இவ்வாய்வாளன், எட்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டுக் கண்டறிந்தவற்றை இங்கே வைக்கிறான். ஆய்வுக்குப் பொருளுதவி செய்தவர் வீட்டுக்காரி. அவ தலைக்கு வைக்க வாங்கிய சம்பூ, அவவைக் கேளாமல் எடுக்கப்பட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. தேன்கூட்டிலிருந்து எடுப்பதும் மெழுகு. சாணத்தைக் கரைத்துத் தரையில் தடவுவதும் மெழுகுதல். ஆச்சி விடியப்புறம் எழும்பித் திண்ணையை மெழுகியபோது செய்த வேலை என்ன? மண் கிளம்பாதபடி மேலே ஒரு மெல்லிய படையைப் பரப்பினா. இன்று டப்பாவில் விற்கிற கார் மெழுகு செய்வதும் அதைத்தான். ஆகவே மெழுகியல் வன்னிக்குப் புதிதாக இறங்கிய கலை அல்ல என்பது முதலாம் நிறுவல். இதில் ஓட்டை இருப்பதாகக் கருதுவோர் இரண்டாம் நிறுவலைப் படிக்கவும்.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. எழுப்புவதற்கு மட்டும் சின்ன மருந்துப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல். கிபிர் போர்விமானம் வருகிற காலமும் அதுதான். மேலேயிருந்து பார்ப்பவனுக்குக் கண்ணாடியும் பம்பரும் மின்னக் கூடாது. பெரியப்பா புற்றுமண்ணை இடித்துச் சலித்தார். மாட்டுச் சாணம் சேர்த்துத் தோசைமாப் பதத்துக்குக் கரைத்தார். கையாலேயே கார் முழுவதையும் மெழுகினார். முன்கண்ணாடியில் அவர் பார்ப்பதற்கு ஒரு சாண் அகலம் மட்டும் மிச்சம் விட்டார். நான் வாய்க்காலில் இருந்து மணல் அள்ளிக்கொண்டு போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மணல் வேண்டாமடா, பெயின்ற் கீறும். புத்துமண்தான் மா மாதிரி."

தலைக்கு மேலே விமானம், தரையிலே பெயின்ற் கீறும் என்ற கவலை. மெழுகியலின் ஆதி ஆசிரியராக இவரை இவ்வாய்வு ஏற்றுக்கொள்கிறது என்பது இரண்டாம் நிறுவல்.

மண் பூசுவதற்கு முதல் நாள் காரை ஒருமுறை கழுவவும் செய்தார். சவர்க்காரம் தங்க விலை. உடுப்புத் தோய்க்கவே பனம்பழம் பாவித்த நாள்கள். பனங்களியில் சப்போனின் வகையான பிளபெலிபெரின்கள் உண்டு. நாக்கில் கசப்பதும் தண்ணீரில் நுரைப்பதும் அவைதான். எனவே முறை சரி. ஆனால் பின்னேரம் பக்கத்துக் காணி மாடுகள் மூன்று வந்து மட்காட்டை நக்கின. மாட்டு நாக்கின் சொரசொரப்பு பெயின்ற்றுக்கு எவ்வளவு கேடு என்பது தனி ஆய்வுக்குரியது.

2002 பெப்ரவரியில் கண்டி வீதி திறந்தது. பெரியப்பா முழுச் சன்லைற் கட்டி ஒன்றைக் கரைத்து அந்தக் காரைக் கழுவினார். ஆறு ஆண்டில் படைபடையாக ஏறியிருந்த மண் ஊறி வழிந்தது. உள்ளே இளம்பச்சை. கார் பச்சை நிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பளபளப்பும் குறையவில்லை, வெயிலின் புறஊதாக் கதிரை மண் அத்தனை காலமும் தடுத்து வைத்திருந்தது. அதே மண் ஈரத்தையும் பிடித்து வைத்திருந்தபடியால் மட்காட்டின் அடியில் விரல் போகிற அளவுக்குத் துரு. ஆய்வாளன் இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

2009இல் அந்தக் கார் எங்கே நின்றது என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. முள்ளிவாய்க்கால் பக்கம் பின்னர் பல காலம் குவிந்து கிடந்த வாகனங்களுக்கு நிறம் ஒன்றுதான் இருந்தது.

இனி இக்காலத்துக்கு வருவோம். ஏ40 காலத்துப் பெயின்ற்றைத் தேய்த்தால் துணியில் நிறம் வரும். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே தெளிந்த பூச்சு ஒன்று தனியாக அடிக்கிறார்கள். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு; தலைமயிர் அதைவிடத் தடிப்பு. நாம் கழுவுவதும் துடைப்பதும் கீறுவதும் எல்லாம் அந்தப் பூச்சைத்தான். அது தேய்ந்து போனால் நிறம் வெளிறிப் பிறகு தோல் உரியும். வவுனியா பஸ் நிலையத்தடியில் அரை மணித்தியாலம் நின்றால் கூரை உரிந்த வான்கள் நாலைந்தைப் பார்க்கலாம்.

இந்தத் தெளிபூச்சின் முதல் எதிரி கிறவல். கண்டி வீதிக்குக் காப்பற் போட்டாயிற்று. அதை விட்டு உள்ளே திரும்பி, அக்கராயனுக்கோ ஒட்டுசுட்டானுக்கோ அப்பால் ஏதாவது ஒழுங்கைக்குள் இறங்கினால் செம்புழுதிதான். சோளகம் அடிக்கிற மாதங்களில் நிற்கிற காருக்கும் ஓடுகிற காருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் புழுதியில் படிகக்கல் துகள் உண்டு. கடினத்தன்மையை அளக்கிற மோஸ் அளவையில் படிகக்கல்லுக்கு ஏழு. கத்தியின் உருக்கையே கீறக்கூடிய சாமான். தெளிபூச்சு அதன் முன்னால் வெண்ணெய்க்கட்டி. காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், காய்ந்த துணியால் போனற்றை "ஒருக்கா தட்டித் துடைக்கிறவர்" செய்வது மணற்கடதாசி போட்டு உரஞ்சுகிற வேலை. நம்பாதவர்கள் பின்னேர வெயிலில் போனற்றைச் சாய்வாகப் பார்க்கட்டும்; சிலந்தி வலை தெரியும். வலையைப் பின்னியது சிலந்தி அல்ல, உரிமையாளர்.

முல்லைத்தீவுக் கரையில் கதை வேறு. அங்கே உப்புக்காற்று. தெற்கே கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் கருமணல். அந்த மணலில் இல்மனைற்றும் றூட்டைலும் இருக்கின்றன. வெள்ளை நிறமியான டைட்டானியம் டயொக்சைட்டுக்கு மூலப்பொருள் இவைதான். வெள்ளைக் காரை வெள்ளையாக வைத்திருப்பது அந்த நிறமி. எங்கள் கரை மணல் கப்பலேறிப் போய், யாரோ ஒருவருடைய வெள்ளை அக்சியோவாகத் திரும்பி வந்து, கொக்கிளாய் வீதியில் அதே மணலால் கீறுப்படுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். நிரூபிக்கக் கப்பல்காரர் ஒத்துழைக்க வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன். காலை ஆறு மணி. கார் வேம்பின் நிழலில். சூடான தகட்டில் தண்ணீர் ஊற்றினால் துடைக்க முன்னரே காய்ந்துவிடும். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்புதான். முதலில் கூரையிலிருந்து வெறும் தண்ணீர். துணி தொடக் கூடாது. கிளம்பக்கூடிய மண் தானாக இறங்கட்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் சம்பூத் தண்ணீர், மற்றதில் துணி அலசுவதற்கு வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே. சில்லும் கதவின் அடியும் கடைசி. உடுப்புத் தூள் ஆகாது. அது எண்ணெய்க் கறையோடு போன மாதம் பூசிய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

போன ஞாயிறு கழுவி முடித்தபின் இரண்டாவது வாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, தண்ணீரை மெல்ல வடித்தேன். அடியில் செஞ்சேறு. நாலு விரலையும் விட்டு அளைந்தேன். மேல்படை களி மாதிரி வழுக்கியது. அதற்குக் கீழே சீனி போல நறநற. காயவைத்துப் பார்த்தால் நெருப்புப்பெட்டி ஒன்றில் பாதிக்கு வந்தது. ஒரே வாளியில் கழுவியிருந்தால் இந்த அரைப் பெட்டி மணலும் துணியோடு திரும்பத் திரும்பக் காரில் ஏறியிருக்கும். அதை வீட்டுக்காரியிடம் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, ஆவணி மாசம். கிணறு அடி தெரியுது. நீங்கள் காருக்கு மூண்டு வாளி ஊத்துறியள். கத்தரிக்கண்டு வாடுது."

இந்த விமர்சனத்தை ஏற்று, இரண்டாம் வாளித் தண்ணீர் கத்தரிக்கு ஊற்றப்பட்டது. மண் ஊரில்தான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

துடைப்பதற்குப் பழைய சாரம் நல்லது என்று ஒரு பள்ளி. நூறு தரம் தோய்த்துப் பஞ்சாகியிருக்கும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, ஆனால் சாரத்தின் மூட்டுத் தையல் கீறும். தையலை வெட்டி எறிந்துவிட்டுப் பாவிக்கலாம்.

இனி மெழுகு. டப்பாவில் வருவதில் உயர்ந்த சாதி என்று கார்னோபாவைச் சொல்கிறார்கள். பிரேசிலின் வடகிழக்கு வரண்ட நிலத்தில் வளர்கிற, நம் பனையின் குடும்பத்து மரம். வெயிலில் நீர் ஆவியாகிப் போகாமல் தன் ஓலைக்குத் தானே மெழுகு பூசிக்கொள்ளும். அங்குள்ளவர்கள் ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து, உதிர்கிற தூளை உருக்குகிறார்கள். அது உருகுவதற்கு 80 பாகை செல்சியசுக்கு மேலே வேண்டும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகும். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் பம்பருக்குத் தேங்காயெண்ணெய் தடவி மினுக்குகிற அன்பர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கவும். எண்ணெய் புழுதியை வரவேற்று உட்கார வைக்கும். நம் பனை ஏன் மெழுகுக்கு வரவில்லை என்று கேட்கலாம். கள்ளு, பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பாய், பெட்டி, கடைசியாகச் சவர்க்காரம் வரை தந்த மரத்திடம் இதற்கு மேலும் கேட்பது நாகரிகமில்லை.

மெழுகை மெல்லிசாகப் பூசி, வெளிறி வரும்வரை விட்டு, துடைத்தெடுக்க வேண்டும். தடிப்பாகப் பூசினால் தடிப்பாகத் துடைக்க வேண்டி வரும், வேறு பயனில்லை. சோதனை எளிது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். தாமரை இலையிலும் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் அதன் நுண்ணிய மேடுகளின் மேலுள்ள மெழுகுதான். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று பற்றற்றவர்களைச் சொல்லிய முன்னோர் கார் மெழுகின் தரச் சோதனையையே சொல்லி வைத்தார்கள் என்பது மூன்றாம் நிறுவல்.

ஆனால் மெழுகு நன்றாக அமைந்துவிட்டால் தும்பி வரும். மார்கழி மழையில் இரணைமடு நிரம்பியிருக்கையில், குளத்தை விட்டுவிட்டு என் போனற்றில் வந்து வாலைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகிற தும்பியை நானே பார்த்திருக்கிறேன். மினுங்குகிற பரப்பிலிருந்து தெறிக்கிற ஒளி நீர்ப்பரப்பிலிருந்து வருவதுபோலவே முனைவாக்கப்பட்டிருப்பதால் பூச்சி ஏமாறுகிறது. நீர்ப்பூச்சிகள் சிவப்பு, கறுப்புக் கார்களைத்தான் அதிகம் நாடுகின்றன என்று ஹங்கேரியில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெயிலில் சூடாகும்போது அந்த முட்டைகளில் உண்டாகிற அமிலம் தெளிபூச்சை அரிக்கும் என்று பிரேசிலில் கண்டார்கள். ஆக, நன்றாக மெழுகிய சிவப்புக் கார் வன்னியில் ஒரு குளம். பெரியப்பாவின் மண் காரில் எந்தத் தும்பியும் இருந்ததாக நினைவில்லை.

சந்தனம் பற்றி ஒரு குறிப்பு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் போகிற வாகனம் குறைவு. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் பயணம். கார் வாங்கிய அன்று அங்கே போனற்றில் வைத்த சந்தனப் பொட்டைக் கழுவ மனம் வராமல் ஒரு வருடம் அப்படியே விட்டேன். பிறகு ஒரு மழையில் அது தானாகவே விழுந்தது. அடியில் ஐம்பது சத நாணயம் அளவில் ஒரு வட்டம், கடையில் எடுத்த நாளில் இருந்த சிவப்பு. சுற்றிவர எல்லாம் வெளிறல். முன்வீட்டு அண்ணர் வந்து பார்த்து, "மாஸ்ரர், பிள்ளையார் வட்டமாத்தான் காப்பாத்துவார் போல" என்றார். கார் முழுக்கச் சந்தனம் பூசுவதற்கு ஆகும் செலவை இவ்வாய்வு கணக்கிட்டுக் கைவிட்டது.

கடைசியாகக் கல்வெட்டியல். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயர் பிராமி எழுத்தில் கல்லில் வெட்டப்பட்டு இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டி நிற்கிறது. அதற்குப் பின்னர் வன்னியில் தோன்றிய பெரும் சாசனத் தொகுதி, பள்ளிக்கூட வளவில் நிறுத்திய என் காரின் பின்புறத்தில் உள்ளது. புழுதியில் விரலால் எழுதியவை. 'கழுவவும்', ஒரு கிரிக்கெட் அணியின் பெயர், அம்பு துளைத்த இதயம் ஒன்று, அதன் கீழே இரண்டு முதலெழுத்து. கழுவினால் புழுதி போகும், எழுத்துப் போகாது. விரலுக்கும் பூச்சுக்கும் நடுவே அகப்பட்ட மணல் அதைக் கீறி வைத்திருக்கும். இன்றும் மெழுகு பூசியபின் வெயிலில் சாய்வாகப் பார்த்தால் 'கழுவவும்' தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே பத்தாம் ஆண்டு பி பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எழுதத்தான் வேண்டுமென்றால் கண்ணாடியில் எழுதுங்கோ. கண்ணாடி தெளிபூச்சைவிடக் கடினம்.