கோட்டுப் போட்ட சைக்கிள் கனவான்

பழைய காலத்து உடுப்பில் கூட்டமாகச் சைக்கிள் ஓடும் கனவான், இந்த நூற்றாண்டில் புதிதாக முளைத்த ஒரு பிறவி. 2009 ஜனவரியில் லண்டனில் ‘ட்வீட் ரன்’ என்ற பெயரில் இவருடைய முதல் ஊர்வலம் புறப்பட்டது. பிறகு டோக்கியோ வரை போய்விட்டது. ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். முரட்டுக் கம்பளி நூலில் நெய்த ட்வீட் கோட்டு, அதற்குள் இன்னொரு கையில்லாக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே நாலு அங்குலம் தொங்கி அங்கேயே இறுக்கிக் கட்டப்பட்ட காற்சட்டை, மெழுகு தடவி முறுக்கிய மீசை. சைக்கிளும் இதற்கு ஈடாகக் கறுப்பு ராலேயாகவும், தோல் சீட்டும் மணியும் வைத்ததாகவும் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் இவர் ரீசேர்ட்டோடு கணினி முன்னால் குந்தியிருப்பவர். அன்று ஒரு நாள், பேரனாக இருந்தது போதுமென்று தாத்தாவாகப் பதவியேற்கிறார். வேகமாக உழக்குவது பாவம். உடம்போடு ஒட்டிய பளபளப்பான பந்தய உடுப்பு மகாபாவம். இடைவழியில் தேநீர் உண்டு, நல்ல மீசைக்குப் பரிசும் உண்டு. மீசைக்கும் பெடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார்.

இவரைக் கண்டிக்கு அழைத்து வந்து, குயின்ஸ் ஹோட்டல் முன்னாலிருந்து வாவியைச் சுற்ற விட்டால் என்ன நடக்கும்? முதலில் வியர்க்கும். ட்வீட் என்பது ஸ்கொட்லாந்தின் குளிருக்கும் கடற்காற்றுக்கும் நெய்யப்பட்ட துணி. அதன் ஒரு வகையான ஹரிஸ் ட்வீட்டை அங்குள்ள தீவுக்காரர் தம் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும் என்று 1993இல் பிரித்தானியா சட்டமே போட்டது. கண்டியின் பின்னேர மழைக்கு அந்தச் சட்டம் தெரியாது. நனைந்த கம்பளிக் கோட்டின் பாரத்தோடு அம்பிட்டியப் பக்கம் ஏறப் பார்த்தால், கனவான் பாதியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இருந்தாலும் இவருக்கு லண்டனைவிடக் கண்டிதான் பொருத்தமான ஊர் என்பேன். ஏனென்றால் இவர் கட்டும் வேஷத்தின் செலவுக் கணக்கு இந்த மலைகளில்தான் எழுதப்பட்டது. அவர் சடங்காகக் குடிக்கும் தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அது கண்டிச் சீமைதான். டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் றப்பர் நாற்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவை ஹெனரத்கொடவுக்குப் போயின. சில பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. டன்லொப் காற்றடித்த டயருக்கு 1888இல் உரிமம் எடுத்தபோது, அந்தக் கன்றுகளுக்குப் பன்னிரண்டு வயது. கனவான் மெத்தென்று உருண்டு போக, இங்கே மரம் காத்துக்கொண்டிருந்தது.

கம்பளிக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் பலர். மிஞ்சி வந்து தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்குத் துரைமார் கறுப்புக் கம்பளி கொடுத்தார்கள். தானமாக அல்ல, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மழைக்கும் பனிக்கும் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்த பெண்களும் பழைய காலத்தைச் சேர்ந்தவர்கள்தாம், அவர்கள் போர்த்தியதும் கம்பளிதான். ஆனால் பழம்பாணி ஊர்வலத்துக்கு அந்தப் போர்வையில் வர எவருக்கும் தோன்றுவதில்லை. கனவானின் கடந்த காலத்தில் எல்லாரும் துரைமார். வேலைக்கு ஒருவரும் இல்லை. தேநீர் தானாகக் கொதித்தது போலும்.

ஒரு விளையாட்டுக்கு இத்தனை வரலாற்றை ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இது அலட்சியமான விளையாட்டு அல்ல. கோட்டின் பொத்தான் கொம்பில் செய்ததா பிளாஸ்டிக்கா, இந்த மட்காட் அந்த வருடத்து ராலேக்குப் பொருந்துமா என்று அரை மணி நேரம் வாதாடக்கூடியவர் இவர். பொத்தானுக்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்பவர் டயருக்குக் கொஞ்சம் செய்தால் குறைந்தா போவார்? இதையெல்லாம் வெள்ளைக்காரன் வேஷம் என்று ஒரேயடியாகத் தள்ளுவோரும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கோட்டை வெள்ளைக்காரனுக்கே எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. வேட்டிக்கு மேல் கோட்டும், தலைப்பாகையும், சங்கிலி வைத்த பைக்கடிகாரமுமாகப் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி நின்ற படங்கள் இருக்கின்றன. அதுவும் நம்முடைய பழம்பாணிதான், பெருமைப்படத்தக்கதா என்பது வேறு விஷயம். அந்த வேட்டியோடு சைக்கிள் ஏறினால் கரை செயினுக்குள் போய்விடும் என்பதுதான் அதன் ஒரே தொழில்நுட்பக் குறை.

பழைய உடுப்பில் பெரிய மனுஷனாவது கண்டிக்குப் புதிதுமல்ல. போர்த்துக்கேயச் சாயல் ஏறிய கண்டியப் பிரதானிகளின் உடுப்பும் தொப்பியும், அரசு போய் இருநூறு வருடத்துக்குப் பிறகும் பெரஹராவில் தலதா மாளிகையின் தலைவரான தியவடன நிலமேயோடு நடக்கின்றன. முகூர்த்த நாட்களில் மணமேடைக்கும் வருகின்றன. வங்கிக் கிளார்க்கும் அன்று நிலமே. இந்த வாவியை ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் வெட்டியவர்களின் உடுப்பை வாடகைக்குக் கொடுக்கும் கடை மட்டும் ஊரில் இல்லை. ஆகவே மனிதன் எங்கே போனாலும் முன்னோரை மேல்தட்டிலிருந்தே பொறுக்குகிறான். லண்டன் கனவானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுக்கல் பிழைத்துப்போகிறது. குதிரையில் போன தோட்டத்துத் துரை பிறகு காருக்கு மாறினார். இலங்கை றோட்டுகளில் நாள் முழுக்கச் சைக்கிள் உழக்கியவர்கள் தபால்காரரும், பள்ளிக்கூட வாத்தியாரும், கரியரில் பெட்டி கட்டிய மீன்காரரும், பாண்காரரும். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது காற்சட்டையின் அடியை மடித்துவிட்டுக் கந்தோருக்கு ஓடியவர்களும் அவர்களுடைய வாரிசுகளே. உடுப்புக்காக எவரும் அவர்களுக்குப் பரிசு கொடுக்கவில்லை. நம் நாட்டில் சைக்கிளுக்குரிய உண்மையான பழம்பாணி உடுப்பு, மடித்துக் கட்டிய சாரமும் பெனியனும்தான். மெழுகு தேவையில்லை, கண்டி வெயிலுக்கும் தோது. எப்போதாவது எவராவது இந்த ஊரில் அப்படியோர் ஊர்வலம் நடத்துவதானால், பள்ளிக்கூட வான்கள் றோட்டுக்கு வருவதற்கு முன் புறப்படுங்கள். முதல் பரிசை, பாண் பெட்டியோடு வருகிறவருக்கே கொடுங்கள்.