மண்பன்றி வெட்டிய வளை

தென்னாப்பிரிக்கச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1652-இல் தொடங்குவார்கள். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள், அதற்கும் வெகுகாலம் முன்பே அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த கொய்கொய் மக்களிடமிருந்து தொடங்குவார்கள். நான் மண்பன்றியிடமிருந்து தொடங்குகிறேன். அந்த நாட்டின் பிழைப்பே மண்ணைத் தோண்டுவது. அந்தத் தொழிலில் மூத்த மேஸ்திரி இந்தப் பிராணிதான்.

ஆள் பார்க்கச் சுமார். கழுதைக்காது, பன்றி மூக்கு, கூன் முதுகு. மாப்பிள்ளை போட்டோ என்று அனுப்பினால் பெண்வீட்டார் ஜாதகத்தைக் கையோடு திருப்பிவிடுவார்கள். அவசரப்பட்டுவிட்டோமே என்று அப்புறம் வருத்தப்படுவார்கள். ஒரு ராத்திரியில் 50,000 கறையான், எறும்பு வரை உள்ளே தள்ளும் சம்பாத்தியம். நாக்கு மட்டும் ஓர் அடி நீளம், பசை தடவினாற்போல. குடும்பம் எப்படி என்று விசாரித்தால் பன்றிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தூரத்துச் சொந்தங்கள் யானையும் கடற்பசுவும். பெரிய இடம்! பல்லுக்கு எனாமல் கிடையாது. நுண்ணிய குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்ற பல். அப்படிப் பல் உள்ள வரிசையில் இன்று பூமியில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இதையெல்லாம் கண்டுகொள்ளாமல், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப்பில் வந்து இறங்கிய டச்சுக்காரர்கள் 'ஆர்ட்வார்க்' என்று பெயர் வைத்தார்கள். மண்பன்றி. அவ்வளவுதான் அவர்கள் செலவழித்த கற்பனை. 1766-இல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் இதைத் தென் அமெரிக்க எறும்புதின்னிகளின் கணக்கில் சேர்த்தார். இட்லி சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள் என்பது மாதிரி.

இதன் வேலைத்திறனைச் சொல்ல வேண்டும். முன்னங்காலில் நான்கு விரல், ஒவ்வொன்றிலும் மண்வெட்டி போன்ற நகம். கடப்பாரையால் குத்தினாலும் அசராத கறையான் புற்றை, பால்கோவா டப்பாவைத் திறப்பதுபோலத் திறக்கும். தூசி போகாமல் மூக்கை மூடிக்கொள்ளும், காதை மடக்கிக்கொள்ளும். துரத்தினால் நின்ற இடத்திலேயே தோண்டிச் சில நிமிடங்களில் மண்ணுக்குள் மறைந்துவிடும். ஆனால் பாவம், குடியிருக்கத் தெரியாது. ஒரு வளையில் சில நாள் தூங்கிவிட்டு, அடுத்ததை வெட்டப் போய்விடும். காலியான வளைக்கு முள்ளம்பன்றி வரும், நரி வரும். முக்கியமாக வார்ட்ஹாக் என்ற கோரைப்பல் காட்டுப்பன்றி வரும். அது உள்ளே நுழையும் அழகே தனி: டெப்போவில் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பதுபோலப் பின்பக்கமாகப் போகும். கோரைப்பல் இரண்டும் வாசல் பார்த்து நிற்கும். யாராவது வந்து 'இது என் வீடு' என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். அந்த நாட்டில் அதுவே சட்டமானது.

1652 ஏப்ரல் 6. யான் வான் ரீபெக், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் கேப்புக்கு வந்து சேர்ந்தார். நாடு பிடிக்க அல்ல, கீரைப்பாத்தி போட. கிழக்கே போய்வரும் கப்பல்காரர்களுக்கு ஸ்கர்வி வந்து ஈறு அழுகியதால் காய்கறி தேவைப்பட்டது. ஐந்தே வருடத்தில் கம்பெனி தன் ஆட்களுக்கு நிலம் பட்டா போட ஆரம்பித்தது. கொய்கொய் மக்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். பிறகு சமாதானப் பேச்சில், 'நாங்கள் ஹாலந்துக்கு வந்து இப்படிச் செய்தால் சும்மா விடுவீர்களா?' என்று கேட்டார்கள். கேட்டதை ரீபெக்கே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பதில்? வாளால் ஜெயித்தோம், எங்களுடையது. கையோடு 1660-இல் கசப்பு வாதுமைச் செடியில் ஒரு வேலியும் போட்டார். அந்த வேலியின் மிச்சம் கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் இன்றும் தழைக்கிறது. கீரைப்பாத்திக்கு வந்தவர் வாசலில் கோரைப்பல்லை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

பின்னால் ஆங்கிலேயர்கள் ரிவர்ஸில் வந்தார்கள். அடிமைமுறையை ஒழித்தார்கள். கோபித்துக்கொண்ட டச்சு வம்சத்தினர் 1830-களில் மாட்டுவண்டி கட்டி உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் ரொட்டிக்கு என்ன செய்வது? கறையான் புற்றைக் குடைந்து, உள்ளே தீ மூட்டி, அதையே அடுப்பாக்கிச் சுட்டார்கள். மண்பன்றியின் சாப்பாட்டு மேஜையைக்கூட விட்டுவைக்கவில்லை.

அடுத்து வைரம். 1869-இல் கிரிக்வா இனத்து மேய்ப்பர் ஒருவருக்குப் பெரிய கல் கிடைத்தது. ஷால்க் வான் நீக்கர்க் என்ற விவசாயி 500 ஆடு, 10 மாடு, ஒரு குதிரை கொடுத்து வாங்கி, 11,200 பவுனுக்கு விற்றார். மேய்ப்பராவது குதிரையில் ஏறி வீட்டுக்குப் போனார். டி பீர் சகோதரர்கள் வைரம் கிடைத்த தங்கள் பண்ணையை 1871-இல் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயர் மட்டும் அங்கேயே தங்கி, உலகத்தின் பெரிய வைரக் கம்பெனியாக வளர்ந்தது. அந்தப் பண்ணை இருந்த கிம்பர்லியில் 1914 வரை மண்வெட்டியும் குந்தாலியுமாக மனிதர்கள் 240 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். 2.25 கோடி டன் மண்ணை அள்ளி 2,720 கிலோ வைரம். அள்ளிய கறுப்பினத் தொழிலாளிகளை வேலியடைத்த கொட்டடியில் தங்கவைத்து, துணியை அவிழ்த்துச் சோதித்தார்கள். வைரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை யாரும் சோதிக்கவில்லை.

தங்கத்திலும் இதே கதை. 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன்படிவத்தைக் கண்ட ஜார்ஜ் ஹாரிசன் தன் உரிமையைப் பத்துப் பவுனுக்கு விற்றுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்த இடத்தைச் சுற்றித்தான் ஜோஹன்னஸ்பர்க் முளைத்தது. மண்பன்றிகூட கொஞ்சம் தூங்கிவிட்டுத்தான் வளையை விடும்.

நம்மவர்களும் இதில் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் நட்டால் காலனியின் டர்பனில் 342 பேரை இறக்கியது. கரும்பு நட்டு நட்டால் நாட்டைக் கரையேற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தவர்களுக்கு 1895-இல் வருடத்துக்கு மூன்று பவுன் தலைவரி போட்டார்கள். வேலை முடிந்ததா, வளையைக் காலி பண்ணு. காந்தியும் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து போராடி, 1914-இல்தான் அது ஒழிந்தது. அதற்கு முந்தைய வருடமே, பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் ஏழு சதவீதம் போதும் என்று சட்டமே போட்டிருந்தார்கள்.

மண்பன்றிக்கு இந்த விவகாரம் எதிலும் பட்டா இல்லை, வழக்கும் இல்லை. இன்றும் இருட்டினால் கிளம்பி வெட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிம்பர்லி குழிக்கு டிக்கெட் உண்டு. மேடையில் நின்று கீழே கிடக்கும் பச்சைத் தண்ணீரைப் பார்க்கலாம். மண்பன்றி வளைக்கு டிக்கெட் இல்லை. ஆனால் வாசலுக்கு நேரே நின்று குனிந்து எட்டிப்பார்க்க வேண்டாம். உள்ளே குடியிருப்பவர் வெளியே வரும்போது ரிவர்ஸ் எடுப்பதில்லை.