பனி இருந்தால் போதும்

அமெரிக்க மேடை, திரை இசைநாடகங்களிலிருந்து கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு போடுகிறவர்களுக்கு ஒரே விதிதான்: பாட்டில் பனி உண்டா? உள்ளே தள்ளு.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' அப்படிக் குடியேறியதுதான். 1959 மேடையில் மடத்துத் தலைவியும் நாயகி மரியாவும் பாடுகிறார்கள். 1965 படத்தில் இடிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு மரியா பாடுகிறாள். இரண்டிலும் கிறிஸ்துமஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் நாய்க்கடியும் வருகிறது. தடுப்பூசி முகாம்காரர்கள் இன்னும் பங்கு கேட்காதது அவர்கள் பெருந்தன்மை.

'ஒயிட் கிறிஸ்துமஸ்' மீது அந்தப் புகார் சொல்ல முடியாது, பெயரிலேயே பண்டிகை. எழுதிய இர்விங் பெர்லின் யூதர் என்பது வேறு விஷயம். 1942இல் 'ஹாலிடே இன்' படத்தில் வந்த இந்தப் பாட்டுக்கு அவர் எழுதிய முன்னடிகள், கலிஃபோர்னியா வெயிலில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே தொடங்குகின்றன. தொகுப்புகளில் அவை பெரும்பாலும் காணாமல் போய்விடும். அட்டையில் நிற்கும் கலைமானுக்கு வியர்த்துவிடாதா!

என் ஓட்டு 1944இல் வந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்துக்கு. அதில் வரும் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பாட்டின் சோகம் தாங்காமல், பாடிய ஜூடி கார்லண்டே வரிகளை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அப்படியும் படத்தில் அதைக் கேட்ட, அவர் பாத்திரத்தின் குட்டித் தங்கை, நள்ளிரவில் அழுதுகொண்டே தோட்டத்துக்கு ஓடி, ஆசையாகச் செய்துவைத்த பனிப்பொம்மைகளை அடித்து நொறுக்குகிறாள். அந்தப் பாட்டைத்தான் டிசம்பர் முழுக்கக் கடைகளில் ஒலிக்கவிடுகிறார்கள், வாடிக்கையாளர் உற்சாகமாகச் செலவு செய்ய.