குட்டனுக்குத் தணுக்கறது

மகரத்தில் மரமும் கோச்சும் என்று மலையாளத்தில் ஒரு சொலவடை உண்டு. குளிரில் மரம்கூட விறைத்துப் போகுமாம். சொன்னவர் வயநாட்டுக்காரராக இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் மகர மாதத்து விடிகாலையில் தெர்மாமீட்டர் 22 டிகிரிப் பக்கம் வந்து, அதற்குக் கீழே போக அவ்வளவாக மனமில்லாமல் நின்றுகொள்ளும். அந்த 22 டிகிரியில்தான், வெள்ளயம்பலத்திலிருந்து கவடியார் போகும் ராஜபாட்டையில், ஆறேகால் மணிக்கு அவர் வருவார். அவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் வரும். ஸ்வெட்டருக்குள் ஒரு லாப்ரடார்.

இந்த ரக மனிதர்களைச் சாஸ்தமங்கலத்திலும் பட்டத்திலும் பார்க்கலாம். பக் நாய்க்குப் பொம்மைச் சட்டை போட்டுப் படம் எடுத்துத் திரியும் சின்னஞ்சிறுசுகளை நான் இதில் சேர்க்கவில்லை; அது அலங்காரம், இது அனுதாபம். நான் சொல்லும் ஆள் அறுபதைத் தாண்டியவர். கரமனை அக்ரகாரத்தில் பிறந்து, வங்கியில் மேலாளராக ஓய்வு பெற்று, இப்போது அடுக்குமாடியில் நாலாம் மாடி. கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லாய். அவரைப் பார்த்துவிட்டு நாயைப் பார்த்தால் காரணம் பாதி விளங்கிவிடும். குளிர் முதலில் அவருக்கு அடிக்கிறது. கயிறு வழியாக நாய்க்கு இறங்குகிறது.

“குட்டனுக்குத் தணுக்கறது, கேட்டேளா? ராத்திரி முழுக்க நடுங்கினான்.”

குட்டன் என்பது முதலில் மகனுக்கு வைத்த செல்லப் பெயர். மகன் டொராண்டோ போனபின் வீட்டில் அந்தப் பெயர் கூப்பிட ஆளில்லாமல் சும்மா கிடந்தது. நாய் வந்ததும் அதற்குக் கொடுத்துவிட்டார்கள். மஞ்சள் ஸ்வெட்டரை அனுப்பியதும் அந்த மகன்தான். மைனஸ் பதினைந்தில் வாழ்கிறவனுக்கு அப்பாவின் ஊர்க் குளிர் மறந்துபோவது இயற்கை. பார்சலைப் பிரித்த அன்று அவர் ஸ்வெட்டரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாராம். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு நான் ஒரு வாரம் அவரைக் கிண்டல் செய்யாமல் இருந்தேன். ஒரு வாரம்தான்.

வேடிக்கை என்னவென்றால், லாப்ரடாரின் பூர்வீகமும் அந்தக் கனடாப் பக்கம்தான். நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வைத்திருந்த நாய்களின் வழிவந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன்காரர்கள் அவற்றைக் கொண்டுபோய் வளர்த்து, இன்றைய இனமாக்கினார்கள். பனிக்கட்டி மிதக்கும் கடலில் குதித்து வலை இழுத்த பரம்பரை. மேலே எண்ணெய்ப் பசையுள்ள முடி, அடியில் பஞ்சுபோல இன்னொரு முடி என்று கடவுள் அதற்கு இரண்டு உடுப்பை ஏற்கெனவே தைத்துக் கொடுத்திருக்கிறார். அதன்மேல் இவர் மூன்றாவதை மாட்டுகிறார். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்கில் ஊற்றி, பிளாஸ்கைக் கம்பளியால் சுற்றிய கதை.

தருமபுத்திரர் பின்னால் இமயமலை ஏறிய நாயை ஒருநாள் நினைவுபடுத்தினேன். பாஞ்சாலி விழுந்தாள், நாலு தம்பிமார்களும் விழுந்தார்கள், நாய் மட்டும் வெறும் உடம்போடு ஏறிக்கொண்டே இருந்தது என்றேன்.

“ஓய், அது தருமதேவதை. லாப்ரடார் இல்லை” என்று நடையைக் கட்டினார்.

இத்தனைக்கும் குளிர் தாங்காத பிறவி என்று அவரையே சொல்லிவிட முடியாது. மாதத்தில் ஒருநாளாவது பத்மநாப சுவாமி கோவிலுக்கு நிர்மால்ய தரிசனத்துக்குப் போவார். அந்தக் கோவிலில் ஆண்கள் வேட்டியோடு, மேலுக்கு எதுவும் இல்லாமல்தான் நுழைய முடியும். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, ஈரத்தலையோடு, கருங்கல் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நிற்பார். அங்கே ஒரு நடுக்கமும் கிடையாது. வீட்டுக்கு வந்து காப்பி குடித்து, குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, “இன்னிக்கு நல்ல தணுப்பு, குட்டனுக்குப் பட்டனைப் போடு” என்பார். பெருமாள் முன்னால் வராத குளிர் நாயின் முன்னால் வந்துவிடுகிறது.

ஸ்வெட்டர் சரித்திரத்தில் ஒரு காய்ச்சலும் உண்டு. நாயின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், சுட்டது. தெர்மாமீட்டர் 101.6 காட்டியது. மனிதக் கணக்கில் அது லீவு போடும் காய்ச்சல். நாய்க்கு அதுதான் சாதாரணம், 101-லிருந்து 102.5 பாரன்ஹீட் வரை அதன் இயல்பான சூடு. மிருக வைத்தியர் இதைச் சொல்லிவிட்டு, கழுத்தடியில் ஸ்வெட்டரை விலக்கிப் பார்த்து, இரண்டு உண்ணியைப் பிடுங்கித் தட்டில் போட்டாராம்.

“சாரே, இந்த ஊரில் நாய்க்குச் சத்துரு தணுப்பல்ல, ஈரம். கம்பளி போட்டால் உள்ளே உண்ணி குடும்பம் நடத்தும். தோலில் பூஞ்சை பிடிக்கும்.”

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். குட்டனுடைய நாக்கு கவடியார் சாலையில் தரையைத் தொடாத குறை. அதைப் பார்த்து அவர், “பாருங்கோ, எவ்வளவு சந்தோஷம்” என்பார். வெள்ளயம்பலம் தாண்டினால் மியூசியம் வளாகத்து மிருகக்காட்சிச்சாலை. அங்கே கோடை வந்தால் கரடிக்குப் பழங்களை ஐஸில் உறைய வைத்துக் கொடுக்கிறார்கள், புலியின்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். மார்ச்சில் குட்டன் ஊளையிட்டால் அதை அங்கே இடமாற்றம் கேட்கும் விண்ணப்பமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா நாய்க்கும் ஸ்வெட்டர் வீண் என்று நான் சொல்லவில்லை. மூணாறிலும் ஊட்டியிலும் ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. அங்கே குட்டை முடியும் ஒட்டிய வயிறுமாக இருக்கும் சிப்பிப்பாறை நாயைக் கொண்டுபோய்க் கட்டினால் அது நடுங்கத்தான் செய்யும். விருதுநகர் வெயிலுக்குப் பிறந்த உடம்பு அது. பால்குடி மறவாத குட்டி, மூட்டுவலி கண்ட கிழ நாய், நோயில் கிடந்து எழுந்தது, இவற்றுக்குக் காய்ந்த துணியும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிய படுக்கையும் தேவை. நடுங்கினாலே குளிர் என்றும் இல்லை. பயத்திலும் வலியிலும்கூட நாய் நடுங்கும். குட்டன் அன்று ராத்திரி நடுங்கியது பக்கத்துக் கோவில் உற்சவத்தின் வெடிவழிபாட்டுக்கு. அதை எதிர்வீட்டுக் குழந்தைகூட அறியும்.

சரி, பகலில் குட்டன் எங்கே இருக்கிறது? இங்கேதான் இந்த ரகத்தின் மேதமை. “லாப்ரடாருக்கு நம்ம ஊர் சூடு ஆகாது” என்று படுக்கையறையில் ஏசி போட்டிருக்கிறார், இருபதில். ஏசியில் குட்டனுக்குத் தணுக்குமே என்று அங்கேயும் ஸ்வெட்டர். மின்வாரியமும் கம்பளியும் சேர்ந்து ஒரு நாயைச் சாதாரண நிலையில் வைத்திருக்கின்றன. இரண்டையும் கழற்றினாலும் அது அதே நிலையில்தான் இருக்கும் என்று ஒருமுறை சொன்னேன். வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்க்கும் பார்வை ஒன்று உண்டு, அதைப் பார்த்தார்.

அந்த அறையின் மூலையில் அவர் வீட்டு மாமி உட்கார்ந்திருப்பாள், புடவைத் தலைப்பை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மூன்று வருஷமாக ஒரு சால்வை கேட்கிறாள்.

“திருவனந்தபுரத்திலே யாருக்குடி சால்வை? என்ன குளிர் இருக்கு இங்கே?” என்பார் அவர், நாய்க்குப் பட்டன் போட்டபடியே.

மாமி ஒருநாள் என்னிடம் கேட்டாள். “மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தெரியுமோ?”

தெரியாத தமிழன் உண்டா என்றேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன், மழை மேகத்தைக் கண்டு அகவிய மயிலைக் குளிரில் நடுங்குவதாக நினைத்தவன்.

“அவனுக்கு ஒரு பெண்டாட்டி உண்டு. கண்ணகி. மதுரையை எரிச்சவ இல்லை, இவ வேற. இவளை அவன் விட்டுட்டுப் போயிட்டான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார், நாலு புலவர்கள் மாத்தி மாத்திப் போய், பரிசெல்லாம் வேண்டாம், முதல்லே ஆத்துக்குப் போய் அவளைப் பாருன்னு பாடியிருக்கா. புறநானூற்றிலே 143-லேர்ந்து 147 வரை அஞ்சு பாட்டு. மயிலைப் பத்திப் பாடப் புஸ்தகத்திலே போட்டான், இதைப் போடலை.”

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, “பேகன் மயிலை அளவெடுக்கலை. நான் குட்டனை அளவெடுத்துத்தான் வாங்கச் சொன்னேன்” என்றார்.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. குட்டன் ஸ்வெட்டர் இல்லாமல், அடிவயிறு முழுவதும் படும்படி நாலு காலையும் பரப்பி, குளிர்ந்த தரையில் தவளைபோலக் கிடந்தது. அவர் கட்டிலடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“ஸ்வெட்டர் எங்கேடி? குட்டனுக்குத் தணுக்காதோ?”

மாமி மூலையில் நாற்காலியில் இருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டரின் முன்கால் கைகள் இரண்டிலும் தன் கைகளை முழங்கை வரை நுழைத்திருந்தாள்.

“எனக்கு அளவாத்தான் இருக்கு” என்றாள்.